ஆறு போல்ட், ஆறு கோடு

அந்தக் கம்பெனியில் அவரை எல்லோரும் ‘திகில்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. தலைக்கு மேலே கிரேன் நகர்ந்தால் மனிதர் குனிந்துவிடுவார். கதவு படாரென்று சாத்தினால் கையிலிருக்கும் ஸ்பேனர் கீழே விழும். குக்கர் விசில் அடித்தால் அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார் என்று அவருடைய மனைவியே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்! புதிதாகக் கட்டிய, இரும்பு கடையும் லேத் ஒவ்வொன்றையும் முதன்முதலில் முழு வேகத்தில் ஓடவிட்டு, அதற்கு நேர் எதிரே நிற்க வேண்டும்.

அது கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் போட்ட சட்டம். அவரும் அவருடைய தம்பியும் ஒரு தகரக் கொட்டகையில் பழைய லேத்துகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர்கள். சொந்தமாக ஒன்று செய்து பார்ப்போம் என்று ராப்பகலாகப் பாடுபட்டுச் செய்தார்கள். வேலைத்துண்டைக் கவ்விக்கொண்டு சுழலுகிற கனத்த இரும்பு வட்டம் ஒன்று உண்டு, சக் என்பார்கள். முதல் ஓட்டத்திலேயே அது கழன்று பறந்தது. போல்ட்டை இறுக்கியவர் பெரியவர். எதிரே நின்றவர் தம்பி. தம்பி அந்த இடத்திலேயே போய்விட்டார். பிறகு கொட்டகை தொழிற்சாலையாயிற்று, லேத்துகள் கப்பலேறிப் போயின. ஆனாலும் அந்தக் குடும்பம் ஒன்றை மட்டும் விடவில்லை. சக்கை மாட்டியவர் எவரோ அவரே எதிரில் நிற்க வேண்டும். பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவரும் நிற்க வேண்டும்.

அதற்காகவே திகில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரு போல்ட்டை இறுக்கியதும் அதன் தலையில் சாக்பீஸால் ஒரு கோடு. ஆறு போல்ட், ஆறு கோடு. அதைப் பார்த்தால்தான் அவருக்கு மூச்சே வரும். அப்படியும் இரண்டு தடவை கடைசி நேரத்தில் சந்தேகம் வந்து ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். இரண்டு தடவையும் எல்லாம் கல் மாதிரி இறுகியிருந்தது. பெரியவருக்குப் பிறகு முதலாளியான மூத்த மகனுக்குப் பொறுமை போய்விட்டது. இன்னொரு தடவை இப்படி மானத்தை வாங்கினால் பேக்கிங்கில் பெட்டிக்கு ஆணி அடிக்க அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

அன்று லேத் வாங்குவதற்காக வெளியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். திகில் சக்கை மாட்டி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி அவசரமாகக் கூப்பிட்டு, வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். போட்டார். தேநீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தார். திரும்பி வருவதற்குள் லேத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. முதலாளி விருந்தாளிகளோடு இருந்ததால் பக்கத்தில் நிற்கும் முறை முதன்முதலாக அவருடைய தங்கைக்கு வந்தது. இன்ஜினியரிங் முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள். திகிலுக்கு அவள் இன்னமும் பாப்பாதான்.

திகில் எதிரே போய் நின்று சக்கைப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை.

விருந்தாளிகள் வருகிறார்கள் என்று எந்தப் புண்ணியவானோ பளபளவென்று துடைத்திருக்கிறான். நாற்காலி போடப் போகும்போது நாலு முடிந்திருந்ததா, ஆறும் முடிந்திருந்ததா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. எலக்ட்ரீஷியன் ஸ்விட்சில் கைவைத்தார். பாப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வாயைத் திறந்தால் பேக்கிங். திறக்காவிட்டால் இந்தப் பெண். திகில் கையைத் தூக்கினார்.

“நிறுத்துங்க. இறுக்கினேனான்னு எனக்குத் தெரியல.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போல்ட் இறுக்கும் ஆலன் கீயை எடுத்து ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை. ஆறும் கல். விருந்தாளி ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். முதலாளி சத்தம் போடவில்லை. கிட்டே வந்து, நாளையிலிருந்து பேக்கிங்குக்குப் போகும்படி காதோடு சொன்னார். திகில் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார், பாவம்.

“அண்ணா, ரெண்டு போல்ட் லூஸாதான் இருந்துச்சு.”

பாப்பாதான். முதலாளியின் முன்னால் வந்து நின்றாள். திகில் நாற்காலி தூக்கப் போயிருந்த நேரத்தில் அவள் ஆலன் கீயோடு வந்து பார்த்திருக்கிறாள். நாலில் கோடு இருந்தது, இரண்டில் இல்லை. அந்த இரண்டும் கையாலேயே சுற்றின.

“பயந்துபோய்தான் வந்து பார்த்தேன். பயந்தேன்னு யாருக்கும் தெரியக்கூடாது. கோடில்லாத ரெண்டும் இறுகியிருந்தா யாரோ கைவச்சது தெரிஞ்சிடும்னு, இறுக்கிட்டு எல்லாக் கோட்டையும் துடைச்சிட்டேன்.”

முதலாளி திரும்பி, தான் சொல்லித் திகில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு திகிலின் கையிலிருந்து ஆலன் கீயை வாங்கி, அத்தனை பேர் பார்க்க, ஆறு போல்ட்டையும் தானே ஒருமுறை திருகிப் பார்த்தார்.

தப்பித்தோம் என்று திகிலுக்குத் தோன்றவே இல்லை. அந்த இரண்டும் தான் விட்டுப்போனவை என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ, கொல்லப் பார்த்தேனே என்று அழுதார். பேக்கிங்குக்கே போய்விடுகிறேன், என்னை விட்டுவிடுங்கள் என்றார்.

பாப்பாவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க போயிட்டா நான் யார் கூட நிக்கிறது? எழுந்திருங்க. எனக்கும் ஒரு சாக்பீஸ் கொடுங்க.”

அவர் பாக்கெட்டில் கிடந்ததை இரண்டாக உடைத்து ஒரு துண்டைக் கொடுத்தார். அவர் ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு கோடு போட, அவள் திருகிப் பார்த்து அதன் பக்கத்தில் இன்னொன்று போட்டாள். பிறகு இருவரும் எதிரே போய் நின்றார்கள். எலக்ட்ரீஷியன் ஸ்விட்சைத் தொடும் நேரத்தில் முதலாளி விருந்தாளிகளை விட்டுவிட்டு வந்து திகிலின் மறுபக்கம் நின்றுகொண்டார். அவருடைய தோள் திகிலின் தோளில் இடித்தது. அந்தத் தோளும் நடுங்கிக்கொண்டிருந்தது.