பொங்கலன்று பார்த்த துடிப்பு

மலேரியாக் கிருமிக்குப் பொங்கல் லீவு கிடையாது. எங்கள் ஆய்வகத்தில் அதை மனித ரத்தம் ஊற்றிய குடுவைக்குள் வளர்க்கிறோம். தினமும் பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதியது ஊற்றாவிட்டால் செத்துவிடும். மற்றவர்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது, நான் ஒண்டிக்கட்டை. அதனால் பண்டிகை நாள் வேலை என் தலையில்தான் விழும். யாரும் என்னைக் கேட்பதுகூட இல்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

இந்தத் தடவை நானே ஊருக்குப் போகாததற்கு ஒரு காரணம் இருந்தது. நோயாளியின் உடம்பில் இந்தக் கிருமி சும்மா பெருகிக்கொண்டே இருக்கும். சில மட்டும் ஆணாகவும் பெண்ணாகவும் மாறிக் கொசுவுக்காகக் காத்திருக்கும். கொசுவின் வயிற்றுக்குள் போய்ச் சூடு குறைந்தால்தான் ஆண் விழித்துப் பெண்ணைத் தேடும். அது நடந்தால்தான் நோய் அடுத்த ஆளுக்குப் பரவும். அந்த ஆண்களை வளர்க்கத்தான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். குடுவை சூட்டுப் பெட்டிக்கு வெளியே இருந்து ஆறினால், கொசுவுக்குள் வந்துவிட்டோம் என்று ஏமாந்து விழித்து வீணாகிவிடும். தீபாவளியன்று அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டே குடுவையை மேஜையில் ஆறவிட்டேன். அத்தனையும் போயிற்று. அதிலிருந்து குடுவை வெளியே இருக்கும்போது போனைத் தொடுவதில்லை.

பொங்கலன்று காலை, சென்னை ஓரத்து நூம்பலில் எங்கள் ஃபிளாட்ஸே காலியாகக் கிடந்தது. ஐ.டி.க்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போயிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா, தலைமுறையாக இங்கேயே இருப்பவர், கோலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, நல்ல நாள்ல கூட இங்கயே கீறே? அம்மா தேடமாட்டாங்களா?"

தலையாட்டிவிட்டு வேலப்பன்சாவடிக்கு நடந்தேன். ஷேர் ஆட்டோவில் என்னைத் தவிர ஆள் இல்லை.

ஆய்வகத்தில் குடுவையைத் திறந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அம்மாதான். கோவில்பட்டியில் தனியாக இருக்கிறாள். நான் எடுக்கவில்லை, அடித்து ஓய்ந்தது. திரவத்தை மாற்றி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக்கொண்டு, குடுவையை மறுபடி சூட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். சொட்டு ஆறும்வரை காத்திருந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஓர் ஆண் செல் விழித்து, நூல் நூலாக வால்களை வீசிக்கொண்டு, சுற்றியிருந்த ரத்த அணுக்களை முட்டித் தள்ளியது. தள்ளி இன்னொன்று. அப்புறம் பார்த்த இடமெல்லாம் துடிப்பு. கத்த வேண்டும்போல் இருந்தது. திரும்பினால் காலி நாற்காலிகள். தனியாக இருக்கிறேன் என்று அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது.

அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, போனை மைக்ராஸ்கோப்பின் மேல் வைத்துக் காட்டினேன்.

"என்னமோ துடிக்குதே. என்னய்யா பண்ணுது?"

"ஜோடி தேடுதும்மா."

"அதுக்காவது தோணுதே."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். காலையில் எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டேன்.

"பானை பொங்கிச்சு. நீயும் போன்ல பொங்கலோ பொங்கல்னு சொல்லுவேன்னு கூப்பிட்டேன். எடுக்கல. நானே சொல்லிக்கிட்டேன்."