முப்பத்தெட்டு சதவீதக் கை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தானியேல் வேலை பார்த்த, இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில், ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பரீட்சை நடக்கும். காண்ட்ராக்டர் பச்சையப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நட்டு போட்டுக் காட்டு" என்பார். வலது கையில் மிச்சமிருக்கும் கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் தானியேல் நட்டைச் சுழற்றி போல்ட்டில் ஏற்றுவான். இருபது கிலோ தகட்டுக் கட்டைத் தூக்குவான். கேட்காமலே இன்னொரு முறையும் தூக்குவான். பச்சையப்பன் தாளில் 'ஃபிட்' என்று எழுதுவார். அடுத்த ஆறு மாதத்துக்கு வேலை உண்டு.

நடு விரல்கள் மூன்றும் அவனுடைய இருபத்தொன்றாம் வயதில் அங்கேயே, தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் போயின. அவர்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் அவன்தான். பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை இரண்டு முறை எழுதிப் பார்த்து, அடுத்தது வரும் வரைக்கும் என்று பிரஸ்ஸில் நின்றான். அந்த 'வரைக்கும்' ஏழு வருடமாக நீண்டுவிட்டது.

விபத்துக்கு முன் சுற்றுவட்டார டென்னிஸ் பால் போட்டிகளில் அவன் வேகப்பந்து வீச்சாளன். அதன் பிறகு எட்டு மாதம் ஸ்கோர் மட்டும் எழுதினான், அதுவும் இடது கையால். எழுதப் பழகிய கைக்கு வீசவும் வருமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றியது. வரவில்லை. பந்து ஸ்டம்புக்குப் போகாமல் ஆள்மேல் போனது. "நீ போடற பாலுக்கு பேட் பத்தாது மச்சி, கொட புடிச்சிக்கினு நிக்கணும்" என்று சிரித்தார்கள். அவன் கம்பெனிச் சுவரில் கரியால் மூன்று கோடு போட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் வீசிக்கொண்டே இருந்தான். இரண்டு வருடத்தில் இடது கைச் சுழல் அவனுக்கு வசப்பட்டது. பேட்டிங்கில் வலது கையால் ஓங்கி அடிக்க முடியாது. மணிக்கட்டைத் திருப்பி, ஆள் இல்லாத இடம் பார்த்துத் தள்ளினான்.

அப்படி ஆடியபோதுதான் அன்புராஜ் பார்த்தான். போலியோவில் ஒரு கால் சூம்பியவன், காக்களூரில் எலக்ட்ரீஷியன். மாற்றுத்திறனாளிகள் மாநில கிரிக்கெட் அணிக்குக் கேப்டன்.

"பவுலிங் ஓகே. பேட்டிங்கும் ஆடுவியா?"

"ஆடுவேன்."

"கீப்பிங்?"

"அது மட்டும் வாணாம்பா."

மூன்று வருடம் மாநில அணியின் ஆல்ரவுண்டர். நாலு ஓவர், ஐந்தாவது பேட்டிங். போன வருடம் தேசிய அணியின் பதினைந்து பேரில் அவன் பெயரும் வந்தது. வெளிநாட்டு அணியோடு சர்வதேசத் தொடர். ஒரே நிபந்தனை: மாநில அணிக்குக் காட்டிய பழைய சான்றிதழ் செல்லாது, புது ஊனச் சான்றிதழில் குறைந்தது நாற்பது சதவீதம் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும்.

திருவள்ளூரில் நடந்த சான்றிதழ் முகாமில் டாக்டரம்மா ஒரு பேனாவை நீட்டினார். "இறுக்கிப் பிடிங்க பார்ப்போம்."

பிடித்தான். அவர் இழுத்தார், விடவில்லை.

"கிரிப் நல்லாத்தானே இருக்கு."

அந்தப் பாராட்டு காதில் விழுந்ததுதான் தாமதம். பக்கத்தில் இருந்த இரும்பு ஸ்டூலை அதே கையால் தூக்கி, இரண்டு எண்ணும் நேரம் நிறுத்தி, மெதுவாக இறக்கி வைத்தான். யாரும் கேட்கவில்லை. டாக்டரம்மா தலையாட்டிவிட்டு எழுதினார்: முப்பத்தெட்டு.

"ஸ்டூல இன்னாத்துக்குடா தூக்கின?" வெளியே காத்திருந்த அன்புராஜ் தலையில் அடித்துக்கொண்டான்.

"பழக்கம்டா."

"அந்தம்மா ஒனக்கு வேலையா குடுக்கப் போவுது? மறுபரிசீலனைக்கு எழுதிப் போடு. இந்தத் தபா கைய தொங்கப் போட்டுக்கினு போ. ஒண்ணுமே முடியலன்னு சொல்லு."

பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் திரும்பும்போது தானியேல் அதையே நினைத்தான். முடியும் என்று காட்டிக் காட்டித்தான் இத்தனை வருடம் பிழைத்தான். இப்போது முடியாது என்று நடித்தால், சுவரில் வீசிய இரண்டு வருடம் எதற்கு? ஆனால் இதுவரை காட்டியது மட்டும் முழு உண்மையா?

மனைவி சோனியாவிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "சர்ச்சுக்குப் போவ முழுக்கை சட்ட போட்டா, எடது கை பட்டன யாரு போடறது?"

அவன் வலது கையை மடக்கிக்கொண்டான்.

"சூடு தெரியாம வலது கைய ரெண்டு தபா சுட்டுக்கினியே, அத அந்தம்மாவாண்ட சொன்னியா?"

"அதெல்லாம் ஊட்டு விசயம். வெளியில சொல்றதா?"

"பொய் சொல்லுன்னா சொன்னேன்? மறைக்காதன்றேன்."

"ஊனக் கார்டுல நாப்பதுக்கு மேல வந்தா பச்சையப்பன் மிஷின் குடுக்க மாட்டாரு."

"தெரியும்" என்றாள். "ஆடணுமா வாணாமா, அத நீ சொல்லு."

"ஆடணும்."

இரண்டு வாரம் கழித்து மறுபரிசீலனைக்குப் போனான். முழுக்கைச் சட்டை, இடது கைப் பட்டன் திறந்தே கிடந்தது. அதே டாக்டரம்மா, கூட இன்னொரு டாக்டர்.

"போன தடவை முடியறத மட்டும் காட்டிட்டேன் மேடம். முடியாததையும் பாத்துடுங்க."

பட்டனைப் போட ஆரம்பித்தான். கட்டை விரல் துளையைத் தேடியது, சுண்டு விரல் வழுக்கியது. நடிக்கவில்லை, உண்மையாகவே போட்டுவிட முயன்றான். நெற்றி வியர்த்தது. வெளியே அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டு, காத்திருக்கச் சொன்னார்கள். நான்கு நிமிடம் கழித்து, "போதும், விடுங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு விரல் இல்லாத இடங்களில் ஊசியால் தொட்டுப் பார்த்தார். இரண்டு இடத்தில் அவனுக்குத் தெரியவில்லை. "இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"யாரும் கேட்டதில்ல மேடம்."

நாற்பத்து மூன்று என்று எழுதினார்.

தொடருக்கான விடுப்புக் கடிதத்தோடு, அத்தாட்சியாக ஊனக் கார்டின் நகலையும் பச்சையப்பனிடம் கொடுத்தான். அவர் இரண்டையும் படித்துவிட்டு, "பிரஸ்ஸுல இனிமே நிக்க முடியாதுப்பா, பேக்கிங்தான்" என்றார். பேக்கிங் என்றால் ஆள் தேவைப்படும் நாளில் மட்டும் வேலை.

"சரி சார். திரும்பி வந்து பேக்கிங்ல நிக்கறேன். ஆனா லீவு வேணும்."

அவர் கையெழுத்துப் போட்டார்.

முதல் சர்வதேச ஆட்டத்தில் தானியேல் இரண்டு ரன்னில் அவுட். பந்து வீச வந்த முதல் ஓவரில், பேட்ஸ்மேன் அடித்த பந்து அவனுடைய வலது கைக்கே கேட்சாகத் திரும்பி வந்தது. கையில் பட்டு, விரல் இருந்திருக்க வேண்டிய இடைவெளியில் நழுவிக் கீழே விழுந்தது. ஆயிரம் பேர் பார்த்தார்கள். தரையில் உருண்ட பந்தை இடது கையால் எடுத்துச் சட்டையில் துடைத்தான். ஓவரில் இன்னும் மூன்று பந்து இருந்தது. பந்து வீச ஓடத் தொடங்கும், குறியிட்ட இடத்துக்குத் திரும்பி நடந்தான்.