அந்த ஹோஸ் பழையதல்ல

சென்ற வெள்ளிக்கிழமை காலை, என் டயர் கடைக்கு எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் குஞ்ஞுமோன் சாலையைக் கடந்து வந்து, "காதரிக்கா மரிச்சு" என்றார். எப்போது என்று கேட்டேன். "சுபஹித் தொழுகை நேரத்துக்கு" என்றார். கடையை யாரிடமும் சொல்லாமல் அப்படியே போட்டுவிட்டு, அவர் வீடு இருக்கும் சுள்ளிக்கல்லுக்கு நடந்தேன். பத்து நிமிட தூரம். வழியெல்லாம் என் மனத்தில் ஓடியது துக்கமல்ல, பயம். இனி அவரிடம் சொல்ல முடியாது என்ற பயம்.

கொச்சி மட்டாஞ்சேரித் தமிழர்களில் அவரை அறியாதவர் குறைவு. பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். ஏலக்காய் வியாபாரிகளை மலைக்கு ஏற்றிப்போய் இறக்கிக் கொண்டுவரும் ஜீப் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை நடந்த இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். ஒருவர் மட்டும், "வண்டியைக் கொஞ்சம் கவனித்திருந்தால் கால் போயிருக்காது, பாவம்" என்று சேர்த்துக்கொண்டார். பலர் தலையசைத்தார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

வண்டியைக் கவனிக்காதவரா அவர்? ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் தானே படுத்துப் பார்ப்பார். "ஏறும்போது இன்ஜின் காப்பாத்தும். இறங்கும்போது பிரேக்தான்" என்பார். விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு, நன்றாக இருந்த பிரேக் ஹோஸ்களை, பிரேக் எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய்களை, கழற்றிவிட்டுப் புதியவை போட்டார். மாட்டியது என் கடையில். "இன்னும் ஒரு வருஷம் ஓடுமே இக்கா" என்றேன். "அது ஓடும். நான்ல ஓட்டணும்" என்றார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கர்க்கடக மாதம் அது, நம் ஆடி. அடிமாலிக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் என் தங்கை செல்வி புருஷனோடும் ஒரு வயதுப் பெண் குழந்தையோடும் இருந்தாள். பத்து நாள் விடாத மழை. ஒரு காலையில் லாரிக்காரர் ஒருவர் மைத்துனர் எழுதிய துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "லைன் வீடுகளில் எல்லாருக்கும் வாந்திபேதி. செல்விக்கும் ஆரம்பித்துவிட்டது. ரோடு இல்லை. ஏதாவது செய்யுங்கள் மச்சான்."

சீட்டோடு காதரிக்கா வீட்டுக்கு ஓடினேன். அந்தப் பாதையை அவர் அறிவார். லாரிகள் உழுத தடத்தில் ஜீப்பின் அடியில் தொங்கும் அச்சுப் பெட்டி மண்ணில் தட்டி உட்கார்ந்துவிடும் என்றார். முந்தைய வாரம் போனவர்கள் அப்படித்தான் திரும்பி வந்திருந்தார்கள்.

"பெரிய வீல் இருக்கா உங்கிட்ட? ரெண்டு இஞ்ச் தூக்குனா மதி, அது போதும், நான் போயிருவேன்."

இருந்தது. ராணுவக் கழிவு ஏலத்தில் எடுத்த ஏழரைப் பதினாறு அளவு டயர்கள் நான்கு, அகலமான ரிம்மோடு கடையின் பின்னால் கிடந்தன. ரிம்மின் ஐந்து துளைகளும் அவர் ஜீப்புக்குப் பொருந்தின. "ஏழரைன்னா உங்காளுங்க பயப்படுவாங்களே" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன் மட்கார்டுகளின் விளிம்பை வெட்டினேன். சக்கரத்தை முழுதாகத் திருப்பினால் பெரிய டயர் உள்ளே உரசும். அதைத் தடுக்க, திருப்பத்தை நிறுத்தும் போல்ட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே திருகி நீட்டிவிட வேண்டும். வலப்பக்கம் செய்துவிட்டேன். இடப்பக்கத்து போல்ட் துருவேறி இறுகிப்போயிருந்தது. காஸ் வைத்துச் சுட்டுத்தான் திருப்ப முடியும். காஸ்காரரைக் கூட்டிவர இரண்டு மணி நேரமாவது ஆகும். இடப்பக்கம் முழுதாகத் திருப்பிப் பார்த்தேன். டயரின் உள்விளிம்பு பிரேக் ஹோஸைத் தொட்டது. லேசாகத்தான். அங்கே செல்வியின் நிலைமை எப்படியோ என்று நினைத்தேன். சக்கரத்தை நேராக்கி வைத்தேன். காதரிக்கா அப்போது சாயா குடிக்கப் போயிருந்தார்.

அவரிடம் சொல்லியிருந்தால் காஸ்காரர் வரட்டும் என்றிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.

"நானும் வரேன் இக்கா" என்றேன். "நீ ஏறுனா ஒரு நோயாளிக்கு எடம் போச்சு. கோதமங்கலம் ஆஸ்பத்திரியில போய் நில்லு" என்று சொல்லிவிட்டு மதியத்துக்கு முன்பே கிளம்பினார். நான் பஸ் பிடித்துப் போனேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வண்டி நிறம் தெரியாமல் சேறு பூசிக்கொண்டு வந்து நின்றது. உள்ளே ஆறு பேர். செல்வியின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. குழந்தை அழக்கூட இல்லை. இருவரையும் உள்ளே எடுத்துப் போனார்கள். நான் வெளியே வந்து ஜீப்பின் அருகே குனிந்தேன். சேற்றுக்கு நடுவே ஹோஸின் ஓர் இடம் மட்டும் துடைத்ததுபோல மினுங்கியது. தேய்ந்திருந்தது. வெடிக்கவில்லை.

காதரிக்கா கை கழுவிக்கொண்டு வந்தார். "உன் மைத்துனன் இன்னும் மேலதான் கிடக்கறான். அவனையும் மிச்சப் பேரையும் கொண்டாந்தர்றேன். வண்டி சரிதானே?"

"சரிதான்" என்றேன்.

இந்தச் சொல்லை நான் எத்தனையோ விதமாக விளக்கிப் பார்த்திருக்கிறேன். அவசரம் என்று, தூக்கமில்லை என்று, இன்னும் ஒரு முறை தாங்கும் என்று நம்பினேன் என்று. எதுவும் நிற்கவில்லை. மைத்துனர் கீழே வர வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அன்று மாலை, இறங்கும் வழியில் ஓர் இடப்பக்கக் கொண்டையூசி வளைவில் ஹோஸ் அறுந்தது. மிதித்த பிரேக் தரையோடு போய்விட்டது. வலப்பக்கம் பள்ளம். அவர் வண்டியை மலையின் மீதே மோதி நிறுத்தினார். பின்னால் இருந்த ஐந்து பேருக்கும் சிராய்ப்புதான். மைத்துனர் மூன்றாம் நாள் எழுந்து நடந்தார். பிரேக்கை மிதித்திருந்த காதரிக்காவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கட்டிலருகே நின்று, "என்தா பற்றியது, என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். வாய் திறக்கத்தான் போனேன். காதரிக்கா என்னைப் பார்க்காமல் பேசினார். "ஹோஸ் பழசு சாரே. மாத்தாம விட்டது நான்."

அதன்பிறகு பஜாரில் அவர் பெயர் அதுதான்: பழைய ஹோஸோடு மலை ஏறியவர். ஜீப் போயிற்று. லாரிகளை அனுப்பும் இடத்தில் மேற்பார்வை வேலை கேட்டுப் போனார். உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை. சொந்த வண்டியைப் பார்க்காதவரிடம் எங்கள் வண்டியை எப்படி விடுவது என்று கேட்டார்களாம். அவர் வீடு திரும்பிவிட்டார்.

ஒரு வருஷம் கழித்து அவரிடம் சொல்லிவிடத் துணிந்து போனேன். "இக்கா, அந்த ஹோஸ்…" என்று ஆரம்பித்ததும் கையை உயர்த்தினார். "சொல்லாதே முருகேசா. சொன்னா நான் ஏதாச்சும் பதில் சொல்லணும். என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல." பிறகு செல்வி குழந்தை பேச ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டார். அதற்குப் பிறகும் வாரம் ஒருமுறை போனேன். அந்தப் பேச்சு வரவே இல்லை. அவர் பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். தேடிக்கொண்டே போய்விட்டார்.

கூட்டம் முடிந்த மறுநாள் அவர் மனைவி சைனபாத்தாவைப் பார்க்கப் போனேன். துக்க நாட்கள் என்பதால் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அறியாம், எனக்குத் தெரியும். பெரிய டயர் உரசித்தான் அறுந்துதுன்னு, போலீசு போனப்பவே என்கிட்ட சொன்னாரு" என்றார் கடைசியில். "அவர்கிட்ட சொல்ல வந்தீங்க, அவர் வேண்டாம்னாரு. என்கிட்ட சொல்ல வேண்டாம்னு யாரும் சொல்லலயே. பத்து வருஷம் அவரைத் தூக்கி உட்கார வச்சது நானாக்கும்."

அவர் குரலில் அழுகை இல்லை.

"எனக்கு இனி ஒண்ணும் வேண்டாம். பஜார்ல போய்ச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

இதோ, எழுதிச் சொல்லிவிட்டேன். அவரை அறிந்தவர்களே, காதரிக்காவின் ஹோஸ் புதியது. தேய விட்டவன் நான்.

அவர் எனக்கு மன்னிப்பு எதையும் விட்டுச் செல்லவில்லை. என் தங்கையை விட்டுச் சென்றிருக்கிறார், அவள் புருஷனை, பதினொரு வயதான அவள் பெண்ணை. மூவரும் உட்கார்ந்து சாப்பிடும்போது பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்த மூன்று உயிருக்கு ஈடாக அவர் காலை வைத்தவன் நான்தான், அவரைக் கேட்காமல்.