பொம்மசந்திராவில் பார்த்த ஜப்பான் வண்டியும் இழுத்துப் பார்த்த பெல்ட்டும்

பெங்களூரில் பழைய கார் வாங்க ஓசூர் ரோட்டுப் பக்கம் போகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுக் கார் வாங்குகிறவர்கள் தாராளமாக வேறு பக்கம் போகலாம். உங்களுக்கு ஷோரூமில் காப்பி கொடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது மல்லிகைப்பூ வாசனை. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை. எனக்கு காலேஜ் லீவு, அப்பாவுக்கு வார ஓய்வு. அப்பா பொம்மசந்திராவில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைனில் நிற்கிறார். ‘நிற்கிறார்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்டு முழுக்க நிற்கிற வேலை. இப்போது முழங்கால் ரெண்டும் மக்கர். இனிமேல் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஒரு பழைய ஏழு சீட்டர் வாங்கி, அதே தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகலாம் என்று திட்டம். உட்கார்ந்து செய்கிற வேலை. மாதக் கடைசியோடு நின்றுவிடுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் வாய்விட்டுச் சொல்லியும் ஆயிற்று. ஆக, நாங்கள் பார்க்கப் போனது காரை மட்டுமல்ல. வீட்டின் அடுத்த சில வருஷங்களையும்தான்.

எந்தக் கார் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஜப்பான் கம்பெனி. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் ரசிகர்கள் கமென்ட்டில் வந்து குடியேறிவிடுவார்கள். ஏர்போர்ட் போனாலும், சபரிமலை போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும், மந்திரி பின்னால் வரிசையாகப் போனாலும் எந்த வெள்ளை வண்டி போகிறதோ, அந்த வண்டி. மைசூர் ரோட்டில் அவர்களுக்குத் தொழிற்சாலையே இருக்கிறது. அப்பாவை விடிகாலையில் ஏற்றிப் போகிற ஸ்டாஃப் வண்டியும் அதே கம்பெனிதான். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட நடுரோட்டில் நின்றதில்லையாம். என் அப்பாவுக்குக் குலதெய்வம் வாணியம்பாடிப் பக்கம், இஷ்டதெய்வம் ஜப்பானில்.

எனக்கு என்னவோ, ஊரே ஒருவரை நல்லவர் என்றால் உடனே அவர் பையைச் சோதிக்கத் தோன்றும். அது என் பிறவிக் கோளாறு.

காலை 7.40க்கு ஈஜிபுராவில் கிளம்பினோம். சில்க் போர்டு வரை ஆட்டோ. நூற்றிருபது கேட்டார், அப்பா கன்னடத்தில் கெஞ்சி எண்பதுக்கு இறக்கினார். தூரம் நாலு கிலோமீட்டர்தான். கட்டி முடியாத மேம்பாலத் தூண்களுக்கு நடுவே ஊர்ந்ததில் அரைமணி நேரம். சில்க் போர்டு என்று பட்டாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், பட்டால்தான் தெரியும்.

பேரம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, ஆட்டோ அண்ணன் தமிழ்தான், கிருஷ்ணகிரிப் பக்கம். “கார் பாக்கவா போறீங்க? என்ன வண்டி சார்?” என்றார். அப்பா சொன்னதும் ஹேண்டிலை விட்டுவிட்டு ஒரு கும்பிடு போட்டார். “அந்தக் கம்பெனியா! கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க.”

“கண்ண மூடிக்கிட்டா எப்படிண்ணா பாக்குறது?” என்றேன்.

“பாப்பா லாயருக்குப் படிக்குதா சார்?”

“வாய்க்குப் படிக்குது” என்றார் அப்பா.

அங்கிருந்து மெட்ரோ தலைக்கு மேலேயே போகிறது. ஆனாலும் அப்பா பஸ்தான் என்றார். கர்நாடகத்துப் பெண்களுக்கு அரசு பஸ் இலவசம், என் ஆதாரில் ஈஜிபுரா முகவரி என்பதால் எனக்கு இலவச டிக்கெட், அவருக்கு மட்டும் இருபத்தெட்டு ரூபாய். பஸ்ஸில் கிடைத்த ஒரே சீட்டில் அவரை உட்காரவைத்துவிட்டு நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பொம்மனஹள்ளி தாண்டுவதற்குள் ஜப்பான் புராணம் ஆரம்பமாகிவிட்டது.

அந்தக் குடும்பம் முதலில் கார் செய்யவில்லையாம். தறி செய்தார்களாம். பெரியவர் கண்டுபிடித்த தறியில் ஒரு நூல் அறுந்தால் போதும், தறி தானாகவே நின்றுவிடும். அறுந்த நூலோடு ஓடித் துணி பாழாகாது. மகன்தான் காருக்கு வந்தார். அதே யோசனையைக் கார் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனார்கள். லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு. கோணலாக ஏதாவது கண்ணில் பட்டால் கடைநிலைத் தொழிலாளிகூட அதை இழுக்கலாம், சரிசெய்யாவிட்டால் லைனே நிற்கும். அப்பாவுக்கு இதெல்லாம் தொழிற்சாலைப் பயிற்சி வகுப்பில் சொன்னது. பாதி உலகம் அதைக் காப்பியடித்திருக்கிறது, அப்பாவின் தொழிற்சாலை உட்பட. அங்கேயும் மஞ்சள் கயிறு தொங்குகிறது.

“நீங்க எத்தன தடவ இழுத்திருக்கீங்க?”

“யாரு இழுப்பா? இழுத்தா லைன் நிக்கும். லைன் நின்னா சூப்பர்வைசர் நம்மளையே பாப்பான்.”

“அப்ப துணி காயப்போடுங்கப்பா அதுல.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் சும்மா போகவில்லை, முந்தின நாளே போனில் படித்திருந்தேன். குடும்பப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றித்தான் கம்பெனிக்கு வைத்தார்களாம். ஜப்பான் எழுத்தில் எட்டுக் கோடு வந்தால் ராசியாம். அடடா, நம்ம ஊர் நியூமராலஜிக்காரர் அங்கேயும் போயிருக்கிறார்! விற்ற வண்டிகளை லட்சக்கணக்கில் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்த வருஷங்களும் உண்டு என்று படித்தேன். இதைச் சொன்னால் அப்பா அசருவார் என்று பார்த்தால், “அதுவும் கயிறு இழுக்கறதுதான்” என்று முடித்துவிட்டார். பக்தர்களிடம் வாதாடக் கூடாது.

9.10க்கு பொம்மசந்திரா. ஸ்டாப்பிலிருந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் ஷேர் ஆட்டோ பிடியுங்கள், தலைக்குப் பதினைந்து ரூபாய். என் அப்பா நடந்தார். காரில் திரும்பப் போகிறோம் என்ற நம்பிக்கை.

தகர ஷெட். பத்துப் பன்னிரண்டு கார்கள். நடத்துகிறவரை முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். நாட்றம்பள்ளிக்காரர், அதாவது எங்கள் ஊர்ப்பக்கம். அப்பாவுக்கு ஜப்பான் பாதி நம்பிக்கை, ஊர்க்காரர் மீதி. எனக்கு அங்கேயே ரெட்டைச் சந்தேகம்.

வெள்ளை ஏழு சீட்டர் நடுவில் தனியாக நின்றது. பளபளப்பு. சீட் கவர் புதுசு, மேட் புதுசு, பானெட்டைத் திறந்தால் எஞ்சின்கூடத் தலைக்குக் குளித்தது மாதிரி இருந்தது. கதவைத் திறந்ததும் குப்பென்று மல்லிகைப்பூ. டாஷ்போர்டில் இரண்டு வாசனை டப்பா, பின்னால் ஒன்று. வாசனை கூடினால் யோசனையும் கூட வேண்டும் என்பது என் கொள்கை.

“எத்தன பேரு ஓட்டியிருக்காங்கண்ணா?” என்று ஆரம்பித்தேன்.

“ஒரே ஓனர் பாப்பா. ஜப்பான்காரன் வண்டி, பத்துப் பேர் ஓட்டினாலும் ஒண்ணும் ஆகாது.”

“எங்க நின்னுட்டிருந்துச்சு?”

“எங்க நின்னா என்ன? பாலைவனத்துல ஓடுது, பனியில ஓடுது.”

“கவர் ஏன் மாத்தினீங்க?”

“அண்ணே, உங்க பொண்ணு ஆர்டிஓ ஆபீஸுக்குப் போக வேண்டியது!”

வண்டியைப் பற்றி எது கேட்டாலும் ஜப்பான்தான் பதில் சொன்னது. நான் ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தேன். “இந்தக் கம்பெனி மொதலாளி அந்தக் காலத்துல இங்க பக்கத்துல சந்தாபுரா வந்து டீ குடிச்சுட்டுப் போனாராமே?” சத்தியமாக நான் அந்த நிமிஷம் இட்டுக்கட்டியது.

“ஆமா பாப்பா! எங்க பெரியப்பாவே பாத்திருக்காரு. சக்கரை கம்மியாக் கேட்டாராம்.”

அப்பா பெருமையாகத் தலையாட்டினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்குள் ஏறிவிட்டேன்.

இங்கே ஓர் இடைச்செருகல். எந்தக் காரில் ஏறினாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை மெதுவாக இழுத்து, யாராவது அசந்திருக்கும்போது சட்டென்று விடுவது என் பழக்கம். சடாரென்று போய் அடிக்கும், பக்கத்தில் இருப்பவர் துள்ளுவார். எங்கள் தெருவில் என்னைக் காரில் ஏற்ற யோசிப்பதற்கு இதுதான் காரணம். முருகேசன் அண்ணன் கதவுப் பக்கம் சாய்ந்துகொண்டு மைலேஜ் பற்றிப் பேச ஆரம்பித்தார். சரியான தருணம். இழுத்தேன். விட்டேன்.

அது போகவில்லை.

நறநறவென்று கொஞ்சம் போய் நின்றுவிட்டது. மறுபடி முழுதாக இழுத்தேன். சுருளுக்குள்ளேயே இருக்கிற கடைசி ஒரு சாண் மட்டும் டீ நிறத்தில் இருந்தது. விரலால் தேய்த்தால் மாவு போல மண். பெங்களூரில் ஒரு பெரிய மழை பெய்தால் எத்தனை பேஸ்மென்ட்டில் எத்தனை கார் மூழ்குகிறது என்று வருஷா வருஷம் எல்லோரும் போனில் பார்க்கிறோம். அதெல்லாம் பிறகு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கார்காலத்தில் குளித்த கார் ஒன்று மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு இங்கே நிற்கிறது!

“அப்பா, இங்க வாங்க. பெல்ட்டுல மண்ணு. இது தண்ணியில முழுகின வண்டி.”

அப்பா வந்து பார்த்தார். பெல்ட்டை அல்ல, என்னை. “ஏய் கயலு. போன மாசம் என் ஹெல்மெட்டுல காப்பித் தூளக் குழைச்சு சேறு மாதிரி பூசினவதான நீ?”

“அப்பா, அது வேற!”

“வெளையாடுற எடமா இது? எறங்கு மொதல்ல.”

முருகேசன் அண்ணன் ரொம்பத் தன்மையாகச் சிரித்தார். “பரவால்லண்ணே, கொழந்த. நீங்க வாங்க, அட்வான்ஸ் விஷயம் பேசிடலாம். மதியம் இன்னொரு பார்ட்டி வருது.” அப்பாவின் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு போனார். அப்பாவும் கால் தாங்கித் தாங்கி நடந்தார்.

பதினேழு வருஷம் ஊரை ஏமாற்றிய கையை விரித்துக் காட்டினால் யார் நம்புவார்கள்? எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். பின்னாலிருந்து கத்தினேன்.

“அப்பா! மஞ்சக் கயிறு!”

அவர் நின்றார்.

“நான் தொட்டத நீங்க நம்ப வேணாம். கடைசி சீட்டுல ரெண்டு பெல்ட் இருக்கு, நான் அந்தப் பக்கமே போகல. நீங்களே இழுங்க. ஒண்ணும் இல்லன்னா நான் மன்னிப்பு கேக்குறேன். லைன் நின்னாப் பரவால்லப்பா, இழுங்க.”

“அண்ணே, டைம் ஆகுது” என்றார் முருகேசன் அண்ணன். இந்த முறை சிரிப்பு இல்லை. அப்பா அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டு வந்தார். பின்கதவு வழியாக உடம்பை மடக்கி ஏறினார், முழங்கால் சத்தம் எனக்கே கேட்டது. வலது பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். நறநற. இன்னும் இழுத்தார். டீ நிறம். இடது பெல்ட். அதே நிறம், அதே அளவு. விரலில் ஒட்டிய மண்ணை முருகேசன் அண்ணன் முன்னால் நீட்டினார்.

“என்ன தம்பி இது?”

“அண்ணே, லேசாத் தண்ணி பட்டிருக்கும். இந்தக் கம்பெனி வண்டிக்குத் தண்ணியெல்லாம் ஒரு விஷயமா?”

“விஷயமில்லன்னா ஏன் சொல்லல?”

முருகேசன் அண்ணன் ஜப்பானைத் தேடினார், கிடைக்கவில்லை. “ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ணே, ரேட்ட வேணா…”

“நூலு அறுந்துபோச்சு தம்பி. தறி நின்னுடுச்சு” என்று சொல்லிவிட்டு அப்பா இறங்கினார்.

திரும்பும்போது மெட்ரோ. அவரே கேட்டார், கால் அவ்வளவு வலி. பொம்மசந்திராவிலேயே ரயில் கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும். இதை முதலில் தெரிந்துகொண்டிருந்தால் போகும்போதும் இதில்தான் போயிருப்பேன். நீங்கள் அப்படியே செய்யுங்கள். ஹெப்பகோடி ஸ்டேஷன் தாண்டும் வரை அப்பா சூப்பர்வைசரிடம் இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். பிறகு தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த கைப்பிடிகளைப் பார்த்துச் சொன்னார்: “பதினோரு வருஷமா தொங்குது அந்தக் கயிறு. கை பட்டதில்ல.”

“இதையாவது இழுத்துப் பாருங்க. மெட்ரோ நிக்குதான்னு பாப்போம்.”

“வாய மூடு” என்றார். ஆனால் சிரித்தார்.

அந்தக் கம்பெனிமேல் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. அறுந்த இடத்தில் நிறுத்து என்று சொன்னவர்கள் மேல் என்ன சந்தேகம்? அவர்கள் சம்பாதித்த பெயரை அடகுவைத்துக் கம்பி நீட்டுகிறவர்கள் மேல்தான். பெயர் வண்டியின் மூக்கில் இருக்கிறது. தண்ணீர் மூக்கைப் படித்துவிட்டா உள்ளே வருகிறது? ஆகவே, போகிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். பகலில் போங்கள். எல்லா பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள், முக்கியமாக யாரும் உட்காராத கடைசி சீட்டில். சீட்டுக்கு அடியில் போல்ட்டுகளைப் பாருங்கள், துரு பிடித்திருந்தால் வெளியே வாருங்கள். வண்டியைப் பற்றிக் கேட்டதற்கு வரலாறு பதிலாக வந்தால், டீ குடித்த கதை ஒன்றை நீங்களும் விட்டுப்பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து முருகேசன் அண்ணன் போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை. வண்டி போய்விட்டதாம். “உங்க தொழிற்பேட்டைக்கே ஸ்டாஃப் ஏத்தி ஓட்டத்தான்ணே வாங்கியிருக்காங்க” என்றார். நாங்கள் விட்டதற்கு வருத்தப்பட வேண்டும் என்று நினைத்திருப்பார்.

அன்றிலிருந்து விடிகாலையில் ஸ்டாஃப் வண்டி எது வந்தாலும் அப்பா ஏறியதும் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கிறார். கூட வருகிறவர்கள் முதலில் கேலி செய்தார்களாம், பிறகு காரணம் கேட்டார்களாம். பதினோரு வருஷமாக ஒரு கயிற்றையும் தொடாத லைனிலிருந்து இப்போது ஆறு பேர் தினமும் இழுக்கிறார்கள். இதுவரை மண் வரவில்லை. அந்த வண்டி எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.