மருத்துவச் சான்றிதழும் மருந்துக்கடைப் பலகையும்

பிள்ளைகள், அப்பா ஏன் வாகனம் பழக்குவதை விட்டார் என்று நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை வைத்திருக்கிறீர்கள். முதலாளியோடு சண்டை என்று ஒருத்தர், முதுகு நோவு என்று மற்றவர். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். பிழை கிடந்தால் திருத்தி வாசியுங்கள்.

அப்போது நாங்கள் யுத்தத்தால் முள்ளியவளையை விட்டு வந்து வவுனியாவில் இருந்தோம். நான் ஒரு லேனர்ஸில், அதுதான் சாரதிப் பயிற்சி நிலையத்தில், பழக்குநராக இருந்தேன். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். நான் இடப்பக்கம் இருப்பேன், என் காலடியிலும் ஒரு பிறேக் இருக்கும். என் இடது கண் இளவயதில் வாகனம் திருத்தும் கராச்சில் வெல்டிங் பொறி பட்டுப் பழுதானது, வெளியில் பார்ப்பவருக்குத் தெரியாது. வலது கண்ணை வைத்துத்தான் காலம் ஓடியது. அந்த வருடம் அதுவும் மங்கத் தொடங்கியது. ஒருவருக்கும் சொல்லவில்லை, உங்கள் அம்மாவுக்குக்கூட.

என்னிடம் பழகியவர்களில் ஒரு கன்னியாஸ்திரியும் இருந்தார். ஐம்பது தாண்டியவர். மடத்து வான் வண்டிக்கு ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று தானே பழக வந்தவர். ஒரு நாள் காலை லேனர்ஸ் வானில் மன்னார் வீதியில் போய்க்கொண்டிருந்தோம். காவலரணுக்குக் கிட்ட அவர் சடாரென்று பிறேக்கை அழுத்தினார். என் நெற்றி முன்கண்ணாடியில் போய் இடித்தது.

"என்ன சிஸ்டர், றோட்டில ஒண்டும் இல்லையே! ஏன் இப்பிடி அடிக்கிறீங்கள்?"

"ஆமிக்காரன் கை காட்டுறான் மாஸ்டர். நீங்கள் காணேல்லையே?"

உற்றுப் பார்த்தேன். மண்மூட்டைகளுக்கு முன்னால் பச்சைக்குள் பச்சையாக ஒருவன் நின்றான். கை உயர்ந்தபடியே இருந்தது. கை காட்டியும் நிற்காத வாகனத்துக்கு அந்த நாட்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"கண்டனான், கண்டனான். நீங்கள் காணுறீங்களோ எண்டு பாத்தனான்."

அது பொய்.

அடுத்த மாதம் என் மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அது இல்லாவிட்டால் பழக்குநருக்கு வேலை இல்லை. டொக்டர் ஊருக்குப் புதியவர், என்னைவிட வயது குறைந்தவர். பிரஷர் பார்த்தார், காதைப் பார்த்தார். படிவத்தில் 'பார்வையில் குறை உண்டா?' என்று கேட்டிருந்த இடத்தில் நானே 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். கண் பார்க்கும் எழுத்து அட்டை கிழிந்துபோய், புதியது இன்னும் வந்து சேரவில்லை. அதனால் அவர் என்னை யன்னலடிக்குக் கூட்டிப்போய், தெருவுக்கு அங்கால் இருந்த மருந்துக்கடைப் பலகையைக் காட்டினார்.

"அதை வாசியுங்கோ பாப்பம்."

எனக்குத் தெரிந்தது நீலமாக ஒரு நீட்டுத் துண்டு மட்டும். ஆனால் நான் அந்த வீதியால் நாளுக்குப் பத்துத் தரம் போய் வருகிறவன். கடையின் பெயரைச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். கீழே பொடி எழுத்தில், பௌர்ணமி விடுமுறைக்காக, 'போயா நாட்களில் அரை நாள்' என்று இருப்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அட, அது எனக்கே தெரியேல்லை அண்ணை! உங்களுக்கு நல்ல கண்" என்று சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

உங்கள் அம்மா அந்தச் சான்றிதழை வாங்கி அலுமாரிக்குள் பத்திரமாக வைத்தார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அடுத்த வகுப்பில் சிஸ்டர் கேட்டார். "மெடிக்கல் பாஸ்தானே மாஸ்டர்?"

"ஓம் சிஸ்டர்."

"அப்ப நல்லம். அண்டைக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் பயம்தான். நீங்கள் றோட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறீங்கள் எண்ட நம்பிக்கையிலதானே நான் கியரைக் குனிஞ்சு பாக்கிறனான்."

சொல்லிக்கொண்டே குனிந்து கியரைப் பார்த்தார். அந்த நேரத்தில் வானுக்கு இருந்த ஒரே கண் என்னுடையது. ஓரமாக நிற்பாட்டச் சொல்லி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

அவர் கைப்பிறேக்கை இழுத்தார். பிறகு, "மாஸ்டர், பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பாவத்தை மன்னிக்கிறது பங்குச் சுவாமியின்ர வேலை. எனக்கு அந்த அதிகாரம் இல்லை. நீங்கள் ஏமாத்தினது டொக்டரை. அவரிட்டப் போய்ச் சொல்லுங்கோ" என்றார். "அது சரி, இப்ப வானை ஆர் திருப்பிக்கொண்டு போறது?"

நடக்கிற வேகத்தில் திரும்பினோம். முன்னால் வருவதையெல்லாம் அவர் எனக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். சைக்கிள், மாடு, பிறகும் மாடு, ஆமி ட்ரக்.

போய்ச் சொன்னதும் டொக்டருக்குக் கோபம் வந்தது. "பலகையைப் பாடமாக்கி வைச்சிருந்தனீங்களோ? உங்கட வாயை நம்பியெல்லே நான் கையெழுத்து வைச்சனான்!" ரோர்ச் லைட் அடித்துக் கண்ணைப் பார்த்தார். "இதுக்குக் கண்ணாடி சரிவராது. கண் டொக்டரிட்டக் காட்ட வேணும்."

அப்போதும் நான் விடவில்லை. "நான் ஓட்டுறேல்லை டொக்டர். பக்கத்தில இருந்து சொல்லித்தானே குடுக்கிறன்."

அவர் தன்னிடம் இருந்த என் படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். "சாரதிக்கும் பழக்குநருக்கும் ஒரே விதிதான் போட்டிருக்கினம். ஏன் எண்டு எழுதேல்லை. நீங்கள்தானே பழக்கிறீங்கள், நீங்களே சொல்லுங்கோ."

எனக்குச் சிஸ்டர் குனிந்ததுதான் மனதில் வந்தது. "வாகனம் ஓடத் தெரிஞ்ச ஆளுக்கு அவரின்ர கண் போதும். பழகிற ஆளுக்கு அது போதாது, பழக்கிறவன்ர கண்ணும் வேணும், டொக்டர்."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். 'இல்லை' என்று நான் எழுதியதை வெட்டி 'உண்டு' என்று எழுதினேன். அதன் கீழே அவர் 'தகுதியில்லை' என்று எழுதி முத்திரை குத்தினார்.

முதலாளி ஏசினார். ஆனாலும் என்னை வேலையை விட்டுக் கலைக்கவில்லை. கொட்டிலுக்குள் நின்று புதிதாக வருகிறவர்களுக்கு எஞ்சினையும் வீதிக் குறிகளையும் விளங்கப்படுத்தும் வேலையைத் தந்தார். சிஸ்டர் வேறொரு மாஸ்டரிடம் பழகி லைசன்ஸ் எடுத்தார்.

அடுத்த பள்ளித் தவணையில் உங்களில் மூத்தவள் பள்ளிக்கூடப் படிவம் ஒன்றில் தகப்பனின் தொழில் 'சாரதிப் பயிற்சியாளர்' என்று எழுதிக்கொண்டு கையெழுத்துக்கு வந்தாள். 'சாரதிப் பயிற்சி நிலைய ஊழியர்' என்று மாற்றச் சொன்னேன்.

"அது இந்தக் கோட்டுக்குள்ள அடங்காதப்பா."

"அடங்கிற மாதிரிச் சின்னனா எழுது" என்றேன். அவள் முகத்தைச் சுழித்துக்கொண்டு அழிறப்பர் தேடப் போனாள்.