சாயப் பாட்டிலில் போட்ட எலுமிச்சை ஊறுகாய்

என் கணவர் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறார். போன மாதம் அங்கே காலியான கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, "ஊறுகாய்க்கு வச்சுக்க. சாம்பல் போட்டு மூணு தரம் கழுவிட்டேன்" என்றார். நானும் நம்பி, எலுமிச்சம்பழத்தை நறுக்கி உப்புப் போட்டு அடைத்து வெயிலில் வைத்தேன்.

நான்காம் நாள் என் ஐந்து வயது மகள் ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். துண்டின் ஓரம் ஊதா நிறம்! பதறிப்போய்த் தட்டிவிட்டேன். மூடிக்குள் ஒட்டியிருந்த அட்டையை நெம்பினால், அதனடியில் சாயப்பொடி அப்பிக் கிடக்கிறது. வெயிலில் மூடி வியர்த்து அதுதான் சொட்டியிருக்கிறது.

"இம்புட்டூண்டு பொடிக்கு எதுக்குடி இம்புட்டுச் சத்தம்?" என்கிறார் இவர். பட்டறையில் அதே பொடி கையில் பட்டால், சோப்புப் போட்டுத் தேய்க்காமல் சோற்றைத் தொடாத மனிதர்!

ஊறுகாயை அவர் கண்ணெதிரே குழியில் கொட்டி மூடினேன். பட்டறைப் பாட்டில் எதுவும் இப்போது எங்கள் வாசற்படி தாண்டுவதில்லை. பீங்கான் ஜாடியில்தான் ஊறுகாய் போடுகிறேன். திறந்ததும் முதல் துண்டு அவருக்குத்தான். அவர் மென்று விழுங்கிய பிறகே மகளைக் கூப்பிடுகிறேன்.

– ஒரு வாசகி, சின்னாளப்பட்டி