சோதனைக்கு முந்திய இரண்டு வாரம்

என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை உண்டு. இரண்டு வாரம் முன்பிருந்தே ஓட்ஸ் கஞ்சிதான் கொடுப்பேன். கொலஸ்ட்ரால் சரியாக இருக்கும். கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு. பரிசோதனை முடிந்த அன்றே பினாங்கு ஜார்ஜ்டவுன் கடையொன்றில், குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லி நாசி கண்டார் சோறு சாப்பிடுவோம்.

போன வருடம் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பருத்த உடம்புக்கு உழைத்து உழைத்து இதயச் சுவர் தடித்திருந்தது. இரத்தக்குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு.

"ரிப்போர்ட் நல்லாத்தானே இருந்துச்சு டாக்டர்?" என்றேன்.

"அந்த ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சுக்கா. மத்த அம்பது வாரம்?"

ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தார். இப்போது வருடம் முழுக்க ஒரே சமையல்தான். ஆனாலும் அந்தக் கடையருகே சிக்னலில் எங்கள் மோட்டார் சைக்கிள் நிற்கும்போது குழம்பு வாசம் வரும்.

"பச்சை விழுந்துருச்சுங்க."

"கொஞ்சம் இரு லா."

பின்னால் ஹாரன் அடிக்கும்வரை நானும் அந்த வாசத்தை இழுத்துக்கொண்டிருப்பேன்.